பெரிய வெள்ளியா, புனித வெள்ளியா?

ராயப்பன்பட்டிக் கத்தோலிக்கர் ‘தவக்காலம்’ என்பார்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் சி.எஸ்.ஐ. சபைகளில் அதற்குப் பெயர் ‘லெந்து’. குமுளி மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டங்களுக்குள் போனால், மலையாளக் கிறிஸ்தவர்கள் ‘வலிய நோம்பு’ என்பார்கள். எல்லாம் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்தான். இங்கே புதன்கிழமை தொடங்கி, ஞாயிறுகளைக் கழித்து 40 நாள். மேலே சீரோ மலபார் சபையார் திங்களன்றே தொடங்கி, ஞாயிறுகளையும் சேர்த்து 50 என்று எண்ணுகிறார்கள்.

அந்தப் புதன் கத்தோலிக்கருக்குத் திருநீற்றுப் புதன். பழைய ஆட்கள் இன்னும் விபூதிப் புதன் என்றே சொல்வார்கள். போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று கொண்டுபோன தென்னங்குருத்தை வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். காய்ந்த அந்த ஓலைகளைக் கோவிலில் சேர்த்து எரித்த சாம்பலைத்தான் சாமியார் நெற்றியில் பூசுகிறார்.

குருத்தோலை ஞாயிறோடு புனித வாரம் தொடங்கும். பெரிய வியாழன், இயேசுவின் கடைசி இராவுணவு நாள். கத்தோலிக்கக் கோவிலில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார், சி.எஸ்.ஐ.யில் மாலைத் திருவிருந்து. மலைமேல் அதுவே ‘பெசஹா’: வீட்டுப் பெரியவர் புளிக்காத அப்பத்தை வெட்டிப் பங்கிடுவார்.

மறுநாளைப் பெரிய வெள்ளி என்றாலும் புனித வெள்ளி என்றாலும் சரியே. மலையாளத்தில் துக்க வெள்ளி. அன்று கத்தோலிக்கக் கோவிலில் பூசையே கிடையாது. சிலுவைப்பாதையும் சிலுவை முத்தமும் உண்டு. சி.எஸ்.ஐ.யில் பகல் 12 முதல் 3 வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். துக்க நாள் என்பதால் ‘ஹேப்பி குட் ஃபிரைடே’ என்று பக்கத்து வீட்டாருக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்.

சனி இரவு பாஸ்கா திருவிழிப்பு. விளக்குகளை அணைத்துவிட்டு, புது நெருப்பிலிருந்து அந்த வருட எண் பொறித்த பெரிய மெழுகுதிரியை ஏற்றுவார்கள். சி.எஸ்.ஐ. சபையார் ஞாயிறு விடியற்காலை ஆராதனைக்குக் கூடுவார்கள். உயிர்ப்புப் பெருவிழா, உயிர்த்தெழுந்த பண்டிகை என்று அறிவிப்பில் எப்படி இருந்தாலும் பேச்சில் எல்லாருக்கும் ஈஸ்டர்தான்.

தேதி ஏன் வருடா வருடம் மாறுகிறது? மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். சித்திரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோவிலுக்கு மலையேறும் ஊர்க்காரர்களுக்கு நிலவைப் பார்த்து நாள் குறிப்பது புதிதல்ல. 2019-இல் பெரிய வெள்ளியும் சித்திரா பௌர்ணமியும் ஏப்ரல் 19-இல் ஒன்றாகவே வந்தன. 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5.

ஈஸ்டர் ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் 40-ஆம் நாள் இயேசு விண்ணேறிய விழா, 50-ஆம் நாள் தூய ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே. அதுவரை பாஸ்கா காலம் என்பதால், வாழ்த்து ஒரு வாரம் தாமதமானாலும் தாராளமாகச் சொல்லலாம்.