இறங்கத் தெரிந்த வண்டி

சக்கரம் ஏறிய மலை – 11

மலைச் சைக்கிள் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “டிராவல் எவ்வளவு?” மேட்டில் மோதும்போது சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் மேலேறி இறங்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. 120 என்றால் சாது. 140, 150 என்றால் நடுத்தரம். 170 என்றால் முரடு. 200 என்றால் பந்தய வண்டி. விலையும் ஏறக்குறைய அதே வரிசையில் ஏறும். பாறையும் வேருமாகச் செங்குத்தாக விழும் பாதைக்கு வண்டி தேடுகிறவர் பெரிய எண்ணைப் பார்த்துக் கை நீட்டுவது இயல்பு. கடைக்காரருக்கும் அது சௌகரியம்.

அந்த எண்ணைக் கடைசியாகப் பாருங்கள் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்தது. சென்ற வாரம் ஏற்றத்தைப் பற்றிப் பேசியபோது எடை, கியர், மூச்சு என்று போனோம். இறக்கத்தில் இந்த மூன்றுக்கும் பெரிய வேலையில்லை. அங்கே வண்டியிடம் கேட்க வேண்டியது, ஓட்டுபவரை எந்த இடத்தில் நிற்க வைக்கிறாய் என்பதைத்தான்.

வான்கூவருக்கு வடக்கே

கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து கடற்கழியைத் தாண்டி வடக்கே போனால் ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ் என்று மூன்று மலைகள். ஓட்டுகிறவர்கள் மொத்தமாக ‘நார்த் ஷோர்’ என்பார்கள். சீடரும் ஹெம்லாக்கும் அடர்ந்த ஈரக் காடு. இலையுதிர் காலத்தில் பிடிக்கும் மழை வசந்தம்வரை லேசில் விடாது. பட்டை உரிந்த வேர்கள் வழுக்கும், பாறைகளில் பாசி படிந்திருக்கும். 1980களிலிருந்து உள்ளூர்க்காரர்கள் மண்வெட்டியும் ரம்பமுமாக இறங்கி இங்கே பாதை வெட்டினார்கள். சேறும் ஓடையும் குறுக்கிட்ட இடங்களில் சீடர் மரத்தைப் பிளந்து ஏணிப் பாலம் போட்டார்கள்.

இந்தப் பாதைகளில் வேகம் பெரிதல்ல. நடந்து இறங்குகிறவர் மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய சரிவில், ஓட்டப்பந்தய வேகம்கூட இல்லாமல், பிரேக்கை விட்டும் பிடித்தும் இறங்க வேண்டும். வேகமாகப் போனால் பல மேடுகளைத் தாவிக் கடந்துவிடலாம். மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு வேரும் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டுதான் அனுப்பும். செங்குத்து இறக்கத்துக்கான வண்டியை எடைபோட இதைவிடக் கறாரான இடம் குறைவு.

ஆறு சென்டிமீட்டர்

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பெடல்மேல் எழுந்து நிற்கும் ஒருவரின் உடலும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில், பெடல் அச்சுக்கு நேர்மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். சமதளத்தில் அந்த எடை பெடல் அச்சின் வழியாக நேராகக் கீழே இறங்கும். சரிவு 20 டிகிரி ஆனால், எடை விழும் கோடு முன்சக்கரத்தை நோக்கி 36 சென்டிமீட்டர் நகரும். 30 டிகிரியில் 58 சென்டிமீட்டர். அந்தக் கோடு முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைத் தாண்டிவிட்டால், ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார்.

1990களின் மலைச் சைக்கிளில் பெடல் அச்சுக்கும் முன்சக்கர அச்சுக்கும் இடையே 64 சென்டிமீட்டர் அளவில்தான் இருந்தது. 30 டிகிரிச் சரிவில் மிச்சம் 6 சென்டிமீட்டர். லேசாக முன் பிரேக்கைத் தொட்டாலே அதுவும் கரைந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லோரும் சீட்டுக்குப் பின்னால் தொங்கியபடி இறங்கினார்கள். உயிர் பிழைக்க அது உதவியது. ஆனால், பின்னால் தொங்கினால் முன்சக்கரத்தில் எடை இருக்காது, எடை இல்லாத டயருக்குப் பிடிமானம் இருக்காது, திருப்பினாலும் திரும்பாது. கவிழாமல் இருக்க வேண்டுமா, திருப்ப வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன வண்டிகள் அவை.

இறக்கத்துக்கு ஏற்ற இன்றைய எண்டூரோ வண்டியில் பெரிய அளவு ஒன்றை எடுத்தால் அதே இடைவெளி 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. அதே சரிவில் 22 சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம். ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே முழங்காலை மடக்கி நிற்கலாம், முன்டயர்மீது எடையும் வைக்கலாம். முப்பது ஆண்டுகளில் மலைச் சைக்கிளில் நடந்த மாற்றங்களில் இறக்கத்துக்கு மிகப் பெரிதாக உதவியது இதுதான் என்பேன். இத்தனைக்கும் இதில் ஸ்பிரிங்கோ எண்ணெயோ கிடையாது. குழாய்களின் நீளத்தையும் கோணத்தையும் மாற்றியதோடு சரி.

அந்தக் கோணங்களில் முக்கியமானது ஹெட் ஆங்கிள். முன் ஃபோர்க் தரையோடு எத்தனை சாய்ந்து நிற்கிறது என்பது. பழைய வண்டிகளில் 71 டிகிரி சாதாரணம். 20 டிகிரிச் சரிவில் அது 91 ஆகிவிடும். அதாவது ஃபோர்க் செங்குத்தையும் தாண்டி உள்நோக்கி மடங்கி நிற்கும். இன்று இறக்கத்துக்கான வண்டிகளில் 63, 64 டிகிரி. அதே சரிவில் 84 அளவில் நிற்கும், முன்சக்கரம் ஓட்டுபவருக்கு முன்னாலேயே இருக்கும். 2010களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் மோன்ட்ரேக்கர் நிறுவனம் ஃபிரேமை நீட்டி, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குறுக்கியபோது பலர் சிரித்தார்கள். சில ஆண்டுகளில் சிரித்தவர்களின் வண்டிகளும் அந்தப் பக்கம் நீண்டன.

ஆகவே விவரப் பட்டியலில் முதலில் தேட வேண்டியவை ஹெட் ஆங்கிள், ரீச், வீல்பேஸ் ஆகிய மூன்றும். ரீச் என்பது பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் பக்கக் குழாயின் உச்சிவரை உள்ள கிடைத்தூரம், அதாவது நின்று ஓட்டும்போது கிடைக்கும் இடம். வீல்பேஸ் என்பது இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம். கடையில் சீட்டில் உட்கார்ந்து அளவு பார்ப்பது பழக்கம். இறக்கத்தில் யாரும் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. பெடலில் எழுந்து நின்று பாருங்கள். சீட்டை விரல் அழுத்தத்தில் இறக்கும் டிராப்பர் போஸ்ட் எவ்வளவு இறங்குகிறது என்றும் கேளுங்கள். 200 மி.மீ. இறங்கினால் உடலைத் தாழ்த்த இடம் கிடைக்கும், எடையின் மையமும் கீழே வரும். ஆனால் வீல்பேஸ் நீளமான வண்டி மலைப்பாதையின் இறுக்கமான கொண்டை வளைவுகளில் தடுமாறும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆளின் உயரத்துக்கு ஒரு அளவு கூடுதலாக வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

சூட்டின் கணக்கு

இந்த விளையாட்டின் ஆரம்பமே ஒரு பிரேக் பிரச்சினைதான். கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ரீபேக் என்ற மண்பாதை, மூன்றரை கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் விழுகிறது. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் என்று இந்தத் தொடரில் முன்பே சந்தித்த பெயர்கள் எல்லாம் அந்தப் பாதையில் இறங்கியவர்கள்தான். அவர்கள் ஓட்டிய பழைய ஷ்வின் வண்டிகளில், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கர ஹப்புக்குள் இருந்தது. கீழே வருவதற்குள் ஹப்பின் கிரீஸ் புகைந்து எரிந்துவிடும். பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம்.

80 கிலோ ஆளும் 16 கிலோ வண்டியும் 400 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் மூன்றே முக்கால் லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும், மிச்சமும் இருக்கும். மெதுவாக இறங்கும் செங்குத்துப் பாதையில் காற்று அதில் பெரிதாகப் பங்கு வாங்காது. பெரும்பகுதி இரண்டு பிரேக் தட்டுகளில்தான் சூடாக இறங்கும். சூடு மிஞ்சினால் பிரேக் கட்டை பிடிமானத்தை இழக்கும். எண்ணெய் கொதித்துக் குமிழ் விட்டால் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும்வரை போகும், வண்டி நிற்காது.

அதனால் 200 மி.மீ.க்குக் குறையாத தட்டும், நான்கு பிஸ்டன் உள்ள காலிப்பரும் செங்குத்து இறக்கத்துக்கு ஆடம்பரமல்ல. நல்ல பிரேக்கின் இன்னொரு லாபம் கையில் தெரியும். ஒற்றை விரலில் அளந்து பிடிக்க முடிந்தால் மற்ற விரல்கள் ஹேண்டில்பாரை இறுக்கிக்கொள்ளும், முன்கை சீக்கிரம் மரத்துப் போகாது. விலையைக் குறைக்க நினைக்கும் நிறுவனங்கள் பெரிய டிராவலை எழுதிவிட்டுப் பிரேக்கில் கை வைப்பது உண்டு. அங்கேதான் கண் வேண்டும்.

டயரிலும் இதே கதை. கடையில் வரும் டயர் பல நேரம் எடை குறைவாகத் தெரிவதற்காக மெல்லிய சுவரோடு வரும். அதில் காற்றைக் குறைத்தால் பாறை விளிம்பில் ரிம் அடிபடும். காற்றைக் கூட்டினால் ஈர வேரில் வழுக்கும். தடித்த சுவர் உள்ள டயர் ஒவ்வொன்றும் 200, 300 கிராம் கூடுதல். ஆனால் நடுத்தர எடையுள்ளவர் முன்னால் 23, பின்னால் 26 பிஎஸ்ஐ என்று தைரியமாக இறங்கலாம். முன்சக்கரத்துக்கு மென்மையான ரப்பர் வாங்குங்கள். தென்னாப்பிரிக்கப் பந்தய வீரர் கிரெக் மினாரின் யோசனைகளோடு உருவான மாக்சிஸ் அஸெகாய் போன்ற டயர்கள் இதற்காகவே உள்ளவை. தேயும்தான். முன்டயர் தேய்வதற்கு அழுகிறவர் பல் போனதற்கும் அழ நேரலாம்.

இனி ஸ்பிரிங்

சஸ்பென்ஷன் எதற்கு? உடம்பு குலுங்காமல் இருக்க என்று தோன்றும். அது இரண்டாவது வேலை. முதல் வேலை டயரைத் தரையிலிருந்து விலகாமல் வைப்பது. காற்றில் இருக்கும் டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியில் இறக்கப் பிரிவை வென்ற கிரெக் ஹெர்போல்ட் ஓட்டிய ராக்ஷாக்ஸ் ஃபோர்க்கின் டிராவல் 50 மி.மீ. அளவுதான். அன்றைக்கு அதுவே பெரும் வித்தியாசம்.

செங்குத்தில் ஒரு சிக்கல் உண்டு. எடை முன்னால் சாய்வதால் ஃபோர்க் ஆழமாக அமுங்கும், பின் ஷாக் நீளும். ஃபோர்க் வழக்கத்தைவிட 60 மி.மீ. கூடுதலாக அமுங்கினால் ஹெட் ஆங்கிள் இரண்டரை டிகிரி செங்குத்தாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய 64 டிகிரி, தேவைப்படும் நொடியில் அறுபத்தாறரை. ஆகவே நீளமான டிராவலைவிட, அமுங்காமல் தாங்கி நிற்கும் டிராவல் முக்கியம். அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் திருகு உள்ள ஃபோர்க்கை வாங்கி, சமதளப் பாதைக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்றும் அடித்துக்கொள்ளலாம். திரும்பி எழும் வேகமும் அளவோடு இருக்க வேண்டும். சட்டென்று எழுந்தால் ஆளைத் தூக்கி எறியும். சோம்பலாக எழுந்தால் அடுத்தடுத்த வேர்களில் அமுங்கியபடியே கிடக்கும்.

பின்பக்க இணைப்புகளில் பல ரகம். ஆஸ்திரியாவில் பிறந்த மோட்டோகிராஸ் வீரர் ஹார்ஸ்ட் லைட்னரின் பெயரைத் தாங்கிய ஹார்ஸ்ட் லிங்க், பின் பிரேக் பிடித்தபோதும் சக்கரம் தாராளமாக அசைய இடம் தரும். அதனால் பிரேக் பிடித்தபடியே வேர்களைக் கடக்கலாம். பதிலுக்குப் பின்பக்கம் சற்று எழும்பும். பிரேக் பிடித்தால் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும் அமைப்புகளும் உண்டு. அவை வண்டியின் நிலையைக் காக்கும், குலுக்கலைக் கூட்டும். அச்சு உயரத்தில் அமைந்து, சங்கிலியைத் தனிக் கப்பி வழியாகச் சுற்றிவரும் ஹை பிவட் வண்டிகளில் மோதும் சக்கரம் பின்னோக்கி விலகும். 2018 உலகக் கோப்பைத் தொடரை வென்ற அமோரி பியரோனின் காமென்சால் வண்டி அந்த ரகம். வேகமாகப் போகிறவருக்கு அதன் பலன் தெரியும். மெல்ல இறங்கப் பழகுகிறவர் அதற்காகக் கூடுதல் விலையும் கூடுதல் பராமரிப்பும் சுமக்க வேண்டியதில்லை.

டிராவல் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு 2011இல் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி சாட்சி. பயமுறுத்தும் செங்குத்துப் பாதை, அன்றைக்கு மழையும் சேறும். முன்னணி வீரர்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய அதே 200 மி.மீ. வண்டிகள். நூறில் ஒரு பங்கு நொடியில் முடிவாகும் விளையாட்டில் டேனி ஹார்ட் 11 நொடிக்கு மேல் முந்தினார்.

ஆகவே கடைக்குள் போனதும் கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். நின்றால் நடுவில் நிற்க முடிகிறதா? ஹெட் ஆங்கிள் 65க்குக் கீழா? பிரேக் எப்படி, தட்டு எத்தனை பெரிது? டயர் சுவர் தடிமனா? ஃபோர்க்கைத் திருகிச் சரிசெய்ய முடியுமா? இத்தனைக்கும் நல்ல பதில் வந்த பிறகு டிராவலைக் கேளுங்கள். 150க்கும் 170க்கும் இடையே மனம் ஊசலாடினால் 150ஐ எடுத்துவிட்டு, மிஞ்சும் பணத்தைப் பிரேக்கிலும் டயரிலும் போடுங்கள். கொஞ்சம் மீதியிருந்தால் செங்குத்தில் இறங்கக் கற்றுத்தருபவரிடம் ஒரு நாள் போய்வாருங்கள்.

வண்டி தயார். ஆனால் இறங்கப் பாதை வேண்டுமே? நார்த் ஷோரின் பாதைகள் பல, யாரிடமும் அனுமதி கேட்காமல் காட்டுக்குள் வெட்டப்பட்டவை. வெட்டியவர்களுக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கும் நடந்த இழுபறியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)