ஒரு டப்பா சளியும் உலகத்துப் பணமும்

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தையும் கடந்தால் படாளம். அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். தூசி, பனி, பீடி என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் குடித்தும் கேட்காமல், கடைசியில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். அங்கே லேப் டெக்னீசியன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, "எச்சில் வேண்டாம்ணே, நல்லா இழுத்து இருமி, நெஞ்சுச் சளியைத் துப்புங்க" என்கிறார். பிற நாடுகளுக்காக அரசுகள் ஒதுக்கும் 'ஆய்வகங்களை வலுப்படுத்தும் நிதி' கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் இந்த டப்பாதான்.

காசநோய் உண்டா என்று கண்டறிய அதற்குப் பிறகு நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். டப்பாவில் கட்டியாக இருக்கும் சளியைக் குச்சியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் மெல்லிதாகப் பூசுகிறார்கள். காய்ந்ததும் சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி கிளம்பும் அளவுக்குச் சூடுகாட்டுகிறார்கள். அடுத்து அமிலத்தால் கழுவுகிறார்கள். பெரும்பாலான மற்ற கிருமிகள் சாயத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமியின் மெழுகுத் தோல் விடாது. பின்னணிக்கு நீலச் சாயம் கொடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், நீலத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள் தெரியும். 'இல்லை' என்று எழுதுவதற்கு முன் குறைந்தது 100 இடங்களை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். சாயம் பழசாகியிருந்தாலும், லென்ஸ் மங்கியிருந்தாலும், பார்க்கிறவர் அன்றைக்கு நாற்பதாவது சில்லில் இருந்தாலும் நோய் கண்ணில் படாமல் போகலாம். இன்று மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் வந்துவிட்டன. இரண்டு மணி நேரத்துக்குள் நோய் உண்டா என்று காட்டிவிடும். முக்கியமான காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதும் தெரிந்துவிடும். ஆனால் அதில் போடும் கார்ட்ரிட்ஜோ சிப்போ தீர்ந்துபோனால் அந்தக் கருவியும் சும்மா ஒரு பெட்டிதான்.

வெளிநாட்டுப் பணம் வந்து ஆய்வகம் வளர்ந்த கதைக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியது அது. தலைமை ஏற்றவர் இங்கிலாந்திலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ். காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். 193 நோயாளிகளில் ஒரு பாதியினரைத் தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதியினர் மெட்ராஸின் நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டார்கள். நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று எல்லாம் சானடோரியத்தில்தான். ஆனாலும் ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணம் கண்டது. 1959-ல் முடிவு வெளியான பிறகு உலகின் பல இடங்களில் சானடோரியக் கதவுகள் மூடப்பட்டன.

இந்தச் சாதனையை மருந்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். என் பார்வையில் பாதிப் பெருமை ஆய்வகத்துக்கு. குணமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? மாதாமாதம் சளியை எடுத்து, முட்டை கலந்த ஊடகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாகப் பெருக ஒரு நாள் அளவுக்குப் பிடிக்கும். வளரவில்லை என்று சொல்ல ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். அத்தனை வாரமும் சூடு மாறாமல், வேறு கிருமி புகாமல், சீட்டு மாறாமல் பார்த்துக்கொண்டவர்கள் பெயர் தெரியாத ஆய்வகப் பணியாளர்கள். அவர்கள் எழுதிய எண்களை உலகம் நம்பியது.

உலக மருத்துவ நூல்களில் 'செங்கல்பட்டு ஆய்வு' என்றே ஒன்று உண்டு. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பெரும்பாலும் இன்றைய திருவள்ளூர் பக்கத்து ஊர்களில், சுமார் 2,60,000 பேரைச் சேர்த்து பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் கைகோத்தன. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு வந்தது. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது என்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். எதிர்பார்த்த முடிவு வராதபோதும் அதை மறைக்காமல் சொல்ல முடிந்தது, சளிப் பரிசோதனையின் நேர்மை மீது இருந்த நம்பிக்கையால்தான்.

சேத்துப்பட்டு மையத்தை இந்தியா தன் கையில் எடுத்துக்கொண்டது. 2011 முதல் அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பில் பல நாடுகளின் ஆய்வகங்களுக்கு வழிகாட்டும் தர ஆய்வகமாகவும் அது இருக்கிறது. அப்படிப்பட்ட ஆய்வகம், விடை தனக்கு மட்டும் தெரிந்த கிருமி மாதிரிகளைப் பிற ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவர்கள் சொல்லும் முடிவைச் சரிபார்க்கும். ஒரு காலத்தில் கை நீட்டி வாங்கிய இடம், இப்போது அடுத்தவருக்குக் கை கொடுக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. காசநோய்க்கு அதிகம் கொடுத்துவந்த நாடு அது. சில வாரங்களில், பல நாடுகளில் சளி மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக ஆளில்லை, பரிசோதனைப் பொருள்களும் தட்டுப்பாடு என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. தட்டம்மையைக் கண்டறியும் 700-க்கும் மேற்பட்ட ஆய்வகங்களின் உலக வலையமைப்பு முழுக்க அமெரிக்கப் பணத்தில் ஓடியது. அதுவும் மூடும் நிலைக்கு வந்தது. கருவிகள் மேசை மேல் அப்படியேதான் இருந்தன.

2022-ல் உலக வங்கியின் பொறுப்பில் தொடங்கிய பெருந்தொற்று நிதியம் ஆய்வகம், நோய்க் கண்காணிப்பு, பணியாளர் என்ற மூன்றுக்கும் பணம் தருகிறது. இந்தியா அதற்கு 1 கோடி டாலர் கொடுத்தது. 2023-ல் கால்நடை நோய்க் கண்காணிப்புக்காக அதிலிருந்தே 2.5 கோடி டாலர் பெற்றது. கொடுப்பதும் வாங்குவதும் நல்லதே. ஆனால் யார் கொடுத்தாலும் கருவியின் விலையை மட்டும் கொடுப்பது அரைகுறை உதவி. வாங்குகிற அரசு முதல் நாளிலேயே டெக்னீசியன் சம்பளத்தையும் சாயத்தின் செலவையும் தன் பட்ஜெட்டில் எழுத வேண்டும். சேத்துப்பட்டு நிலைத்தது அப்படித்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ரோடு, தெருவிளக்கோடு இதையும் கேளுங்கள்: நம் சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியன் இருக்கிறாரா, பரிசோதனைப் பொருள் கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும்?