நிவாரணமும் மறுவாழ்வும்: அரசுச் செலவின் இரு வழிகள்

உயிருக்கு அஞ்சியோ, கலவரத்தால் விரட்டப்பட்டோ, நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தத்தின் விளைவாகவோ தம் ஊரை விட்டு வந்து சேரும் மக்களுக்காக அரசு செய்யும் செலவு இரு வகைப்படும். வந்த நாளில் தங்க இடமும் உணவும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் அளிப்பது நிவாரணம். நிலம், வீடு, தொழில் ஆகியவற்றுக்கு வழி செய்து அவர்களைத் தம் காலில் நிற்கச் செய்வது மறுவாழ்வு. முன்னது மாதந்தோறும் தொடரும் செலவு. பின்னது பெருந்தொகையாகச் செய்யப்பட்டு ஒரு நாள் முடிவுறும் செலவு. ஒரு மக்கட் பிரிவினர் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு எப்போது மாறுகின்றனர் என்பதைக் கருவூலத்தின் நிலையைக் காட்டிலும் அவர்களுடைய சட்ட நிலையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இந்தியாவின் அனுபவம் இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

பிரிவினை கற்பித்த பாடம்

1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது மறுவாழ்வுப் பணிக்கெனத் தனி அமைச்சகமே ஏற்படுத்தப்பட்டது. இடம்பெயர்ந்தோர் வாணிபமும் தொழிலும் தொடங்கக் கடன் வழங்கும் பொருட்டு 1948-இல் மறுவாழ்வு நிதி நிர்வாகம் சட்டத்தின் வாயிலாக அமைக்கப்பட்டது. பாகிஸ்தானுக்குச் சென்றவர்கள் விட்டுச் சென்ற சொத்துக்களைக் கொண்டு இழப்பீடு வழங்க 1954-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. வட மேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்தவர்களுக்காக உருவாக்கப்பட்ட பரீதாபாத் நகரில், அம்மக்களே கூலி பெற்றுத் தம் வீடுகளைக் கட்டினர். வந்தவர்கள் இந்நாட்டின் குடிமக்களே என்பதில் ஐயம் எழாததால், நிவாரணத்திலிருந்து மறுவாழ்வுக்குச் செல்லும் வழி தொடக்கத்திலேயே திறந்திருந்தது.

எனினும் நிலம் அளிப்பது மட்டுமே போதாது என்பதைத் தண்டகாரண்யத் திட்டம் காட்டியது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களை ஒரிசாவின் கோராபுட், காளஹண்டி மாவட்டங்களிலும் மத்தியப் பிரதேசத்தின் பஸ்தாரிலும் குடியமர்த்த 1958-இல் தனி ஆணையம் நிறுவப்பட்டது. ஆற்றுப்படுகையில் நெல் பயிரிட்டுப் பழகிய மக்களுக்கு மேட்டு நிலமும் மானாவாரிச் சாகுபடியும் ஒத்துவரவில்லை. 1978-இல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவ்விடங்களை விட்டு மேற்கு வங்கத்திற்குத் திரும்பின.

இன்றைய நிதி ஏற்பாடு

அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லை. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் இடத்தில் 2025 செப்டம்பர் முதல் குடிபுகல் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆகவே உதவி என்பது சட்டம் வரையறுத்த உரிமையாக அல்லாமல், திட்டங்களாலும் ஆணைகளாலும் அளிக்கப்படுவதாகவே அமைந்துள்ளது. உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள ஏழு துணைத் திட்டங்களை ஒருங்கே தொடர்வதற்கு, 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ரூ.1,452 கோடி 2022 மார்ச்சில் ஒப்புதல் பெற்றது. புரு மக்கள், இலங்கைத் தமிழ் அகதிகள், திபெத்திய அகதிகள் ஆகிய மூன்று பிரிவினரும் இதில் அடங்குவர்.

புரு மக்கள்: முடிவு காணும் செலவு

மிசோரமிலிருந்து 1997-இல் வெளியேறிய புரு பழங்குடியினர் வட திரிபுராவின் முகாம்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரேஷன் அரிசியையும் சிறு ரொக்கத்தையும் நம்பி வாழ்ந்தனர். அவர்களைத் திருப்பி அனுப்பும் முயற்சிகள் ஓரளவே பயன் தந்தன. 2020 ஜனவரி 16-இல் மத்திய அரசும் இரு மாநில அரசுகளும் புரு பிரதிநிதிகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சுமார் 34,000 பேரைத் திரிபுராவிலேயே குடியமர்த்த ரூ.600 கோடி அளவிலான திட்டம் வகுக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு 40-க்கு 30 அடி மனை, ரூ.4 லட்சம் வைப்புத்தொகை, வீடு கட்ட ரூ.1.5 லட்சம், இரண்டாண்டுகளுக்கு மாதம் ரூ.5,000, அதே காலத்திற்கு இலவச ரேஷன் ஆகியவை அதன் கூறுகள். மனையும் ரேஷனும் நீங்கலாக, ஒரு குடும்பத்திற்கான ரொக்கச் செலவு ரூ.6.7 லட்சம் ஆகிறது.

ஒரே கடல், இரு கணக்குகள்

இலங்கையிலிருந்து தமிழகம் வந்தோரின் வரலாறு இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. 1964 அக்டோபர் 30-இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. தாயகம் திரும்பியோர் என்ற பெயருடன், இந்தியக் குடியுரிமையுடன் அவர்கள் வந்தனர். அவர்களுக்காக நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. பின்னர் அவையே டான்டீ நிறுவனமாயின. 1969-இல் ரெப்கோ வங்கி அமைக்கப்பட்டது.

1983 ஜூலைக்குப் பின் வந்தவர்கள் அகதிகள் எனப்பட்டனர். 2012 வரை வந்த சுமார் 3,04,000 பேரில், 1995 மார்ச்சுக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அரசு உதவியுடன் திரும்பினர். அதுவரை நிவாரணம் ஓர் இடைக்கால ஏற்பாடாகத் தன் கடமையைச் செய்தது எனலாம். ஆனால் திரும்பாது எஞ்சியோருக்கு அந்த இடைக்காலம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. மாநில அரசு முதலில் செலவிட, மத்திய அரசு ஈடுசெய்யும் முறையில் பணக்கொடை வழங்கப்பட்டு வருகிறது. 2021-இல் தமிழக அரசு உயர்த்தி அறிவித்த விகிதப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் ரூ.1,500, பிற பெரியவர்களுக்கு ரூ.1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவருக்கு ரூ.500. கணவன், மனைவி, இரு சிறு குழந்தைகள் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு ரூ.42,000 பெறும். புரு குடும்பத்திற்கு ஒருமுறை செலவிடப்பட்ட ரூ.6.7 லட்சம், இக்குடும்பத்திற்குப் பதினாறு ஆண்டுகளில் வழங்கப்படும் பணக்கொடைக்குச் சமமாகும். அதன் முடிவில் முந்தைய குடும்பத்தின் கையில் மனை இருக்கும். பிந்தைய குடும்பம் முகாமில் இருக்கும்.

தமிழக அரசு 2021-இல் ரூ.317.40 கோடிக்கான நலத்திட்டங்களை அறிவித்து, அதில் ரூ.231.54 கோடியை 7,469 புதிய வீடுகளுக்கென ஒதுக்கியது குறிப்பிடத்தக்கது. ஆயினும் வீடு வந்த பின்னும் சட்ட நிலை மாறவில்லை. 1987 ஜூலை 1 முதல் இம்மண்ணில் பிறந்தோர்கூட, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை பெறார். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரை உள்ளடக்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டோருக்கு, உரிய பயண ஆவணங்கள் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்களிக்கப்பட்டது. அது குடியுரிமை ஆகாது.

ஓர் இடைவழி

குடியுரிமை இன்றியும் மறுவாழ்வு இயலும் என்பதற்குத் திபெத்தியர் குடியிருப்புகள் சான்றாகும். 1960-இல் மைசூர் அரசு பைலகுப்பேயில் அவர்களுக்கு நிலம் அளித்தது. 2014-ஆம் ஆண்டுத் திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கை, நிலத்தை இருபதாண்டுக் குத்தகைக்கு விடவும், அரசின் நலத்திட்டப் பயன்களை அவர்களுக்கு நீட்டிக்கவும் வழிகாட்டியது. குடியிருப்புகளின் நிர்வாகச் செலவுக்கென 2015-16 முதல் ஐந்தாண்டுகளுக்கு ரூ.40 கோடி மானியம் அனுமதிக்கப்பட்டு, பின்னரும் தொடரப்பட்டது. குடியுரிமை பற்றிய முடிவுக்குக் காத்திராமல், குத்தகை உரிமையே வாழ்க்கைக்கு ஓர் அடிப்படையை அமைத்துத் தந்தது.

நிர்வாகம் கருத வேண்டியவை

முகாம் ஒன்றுக்கு ஒவ்வோராண்டும் நிதி ஒதுக்கப்படும்போது, அங்குள்ளோர் திரும்பிச் செல்லும் வாய்ப்பு எத்தகையது என்பதையும் உடன் ஆராய்வது நலம். வாய்ப்பு உள்ளவரை நிவாரணம் முறையான செலவே. அது மங்கிய பின்னும் நிவாரணம் மட்டுமே தொடருமாயின், அச்செலவு எத்தனை ஆண்டுகள் செய்யப்பட்டாலும் ஒரு குடும்பத்தையேனும் முகாமிலிருந்து வெளியேற்றாது. நிலத்தின் தன்மையும் மக்களின் தொழிலும் பொருந்த வேண்டும் என்பது தண்டகாரண்யம் தந்த எச்சரிக்கை. குத்தகை, தொழில் உரிமம், வங்கிக் கடன், உயர்கல்வி போன்றவற்றைக் குடியுரிமைப் பிரச்சினையிலிருந்து தனியே பிரித்து வழங்க இயலும் என்பது பைலகுப்பே தரும் வழி. ஒதுக்கீட்டின் அளவோடு, அது எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்படுகிறது என்பதும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் எதிர்காலத்தை நிர்ணயிக்கிறது.