புரோகிராம்லதான் தப்பு... பொண்ணுகிட்ட இல்ல!

''ஐயோ... எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் மேட்டரெல்லாம் சுத்தமா வராதுப்பா!''

இதைச் சொன்னது எட்டாம் வகுப்புப் பொண்ணுன்னு நினைச்சீங்களா? ஸாரி! அந்தப் பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரப் போன காலேஜ் அக்கா. என்.எஸ்.எஸ். கேம்ப்போ, சனிக்கிழமை சர்வீஸோ... புரொஜக்டர் மக்கர் பண்ற அந்த ரெண்டு நிமிஷத்துல வாயில தானா வந்து விழுற டயலாக் இது. அக்கா இதை அடக்கம்னு நினைச்சுச் சொல்றாங்க. ஆனா, பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற முப்பது பேருக்கும் அது ஒரு தகவல். 'காலேஜ் படிக்கிற அக்காவுக்கே வராதாம். நமக்கு எங்கே வரப்போகுது?'

சும்மா பில்டப் இல்லை. 2010-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கிற 17 ஆசிரியைகள். அவர்களில் யாருக்குக் கணக்கு என்றால் எவ்வளவு பதற்றம் என்று அளந்தார்கள். வருஷ ஆரம்பத்தில் அந்தப் பதற்றத்துக்கும் பிள்ளைகளின் மார்க்குக்கும் சம்பந்தமே இல்லை. வருஷக் கடைசியில், பயந்த டீச்சரிடம் படித்த பெண் குழந்தைகள்தான் 'கணக்குன்னா பசங்க, படிப்பு வாசிப்புன்னா பொண்ணுங்க' என்கிற பேச்சை அதிகமாக நம்பினார்கள். அப்படி நம்பியவர்களுக்குக் கணக்கும் சறுக்கியது. பையன்களுக்கு எதுவும் ஆகலை! பாடத்தோடு சேர்த்து டீச்சரின் பயத்தையும் பெண் குழந்தைகள் படித்துக்கொண்டார்கள்.

இந்தப் பயம் வளர்ந்து பெரிசாகும்போது எப்படி இருக்கும்? அதற்கு ரேஷ்மா சௌஜனியைக் கேட்கணும். இந்திய வம்சாவளி அமெரிக்கர். 2010-ல் அமெரிக்க காங்கிரஸ் தேர்தலில் நின்று நன்றாகவே தோற்றவர். 2012-ல் நியூயார்க்கில் வெறும் 20 பெண்களோடு 'கேர்ள்ஸ் ஹூ கோட்' ஆரம்பித்தார். 2016-ல் டெட் மேடையில் அவர் சொன்ன ஒரு விஷயம் இது. வகுப்பில் ஒரு பொண்ணு டீச்சரைக் கூப்பிட்டு, 'என்ன எழுதறதுன்னே தெரியலை' என்பாள். ஸ்க்ரீன் காலி. இருபது நிமிஷமாக சும்மா உட்கார்ந்திருந்தாள் போல என்றுதான் தோன்றும். ஆனால், டீச்சர் 'அன்டூ' பட்டனை அமுக்க அமுக்க, எழுதி அழித்ததெல்லாம் வரிசையாகத் திரும்பி வரும். கிட்டத்தட்ட சரியான விடை! கொஞ்சம் தப்பாக இருப்பதைக் காட்டுவதைவிட, ஒன்றுமே இல்லாததைக் காட்டுவதே மேல் என்று முடிவு பண்ணியிருக்கிறாள்.

அதே மேடையில் அவர் சொன்ன இன்னொன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜாவா எடுக்கிற ஒரு பேராசிரியரின் அனுபவம். டவுட் கேட்க வரும் பசங்க, 'சார், என் புரோகிராம்ல ஏதோ தப்பு இருக்கு' என்பார்களாம். பொண்ணுங்க வந்தால், 'சார், என்கிட்டதான் ஏதோ தப்பு இருக்கு.'

இந்த ஒரு வாக்கியத்தை மாத்தறதுதான் வாலன்டியரோட முக்கால்வாசி வேலைன்னு எனக்குத் தோணுது. சிலபஸ் மிச்சம் கால்வாசி!

எப்படி மாத்தறது? லெக்சர் எல்லாம் வேண்டாம். ஸ்க்ராட்ச் சொல்லித் தர்றீங்க, பூனை வலது பக்கம் நடக்கணும். அது தலைகீழாக நின்று இடது பக்கம் போகுது. உடனே முகம் சிவந்து, அவசரமாக ஸ்க்ரீனை மறைத்துச் சரி பண்ணாதீங்க. 'அட, பூனை ஏன் இப்படிப் போகுது? நான் எந்த பிளாக்ல என்ன நம்பர் போட்டேன்?' என்று சத்தமாகவே தேடுங்க. பிள்ளைகளையும் தேடச் சொல்லுங்க. அக்கா தப்பு பண்ணலாம், அதுக்காக அக்கா வெட்கப்படலை, அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாங்க... இதைவிட நல்ல பாடம் அன்றைக்குக் கிடையாது. (இதுக்காக வேணும்னே தப்பு போட்டு நடிக்காதீங்க. எட்டாம் கிளாஸ் பொண்ணுங்க ஓவர் ஆக்டிங்கை உடனே கண்டுபிடிச்சுடுவாங்க!)

அப்புறம், மௌஸைப் பிடுங்காதீங்க, ப்ளீஸ். 'இரு, நான் பண்றேன்' என்று வாங்கிவிட்டால் அவளுக்கு அது ஒரே ஒரு செய்திதான். கை துறுதுறுன்னா, பின்னாடி கட்டிக்கிட்டு நில்லுங்க.

அடுத்தது கொஞ்சம் சீரியஸ். கிளாஸ் முடிந்து குரூப் போட்டோ. 'அக்கா, நான் கறுப்பா இருக்கேன், பின்னாடி நின்னுக்கறேன்' என்று ஒருத்தி நழுவுவாள். அப்போ நம்ம அக்கா என்ன சொல்றாங்க? 'இரு இரு, ஃபில்டர் போட்டுக்கறேன். என் மூஞ்சியே இன்னிக்குப் பார்க்க சகிக்கலை!' போச்சு. ரெண்டு மணி நேரம் கட்டினது ரெண்டு செகண்டில் காலி.

அந்த ஃபில்டரையே பாடமாக்கலாமே! ஒரு போட்டோவை எடுத்துப் பெரிசு பண்ணிக்கொண்டே போங்க. கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் மூணு நம்பர். சிவப்பு, பச்சை, நீலம்... ஒவ்வொண்ணும் 0-லிருந்து 255 வரை. 'ப்யூட்டி மோட்' என்ன செய்யுது? அந்த நம்பர்களைக் கூட்டுது. முகம் வெளுக்குது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு சராசரி போடுது. பரு மறையுது. அவ்வளவுதான், ஆறாம் வகுப்புக் கணக்கு! யாரோ ஒருத்தர், எங்கேயோ உட்கார்ந்து, 'அழகுன்னா இந்த நம்பர்' என்று முடிவு பண்ணியிருக்கார். நம்ம ஊர் க்ரீம் கம்பெனியே 2020-ல் தன் க்ரீமோட பேரிலிருந்து 'ஃபேர்' என்கிற வார்த்தையை எடுத்துட்டாங்க. போன்கள்தான் இன்னும் விடலை.

கூடவே ஜாய் புவலாம்வினி கதையையும் சொல்லுங்க. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் படித்த கறுப்பினப் பெண். அவர் பயன்படுத்திய முகம் கண்டறியும் சாஃப்ட்வேருக்கு அவர் முகமே தெரியலை. வெள்ளை முகமூடி மாட்டியதும் தெரிஞ்சது! அவர் 'என் முகம் சரியில்லை'ன்னு ஒதுங்கலை, சாஃப்ட்வேரைச் சோதிச்சார். டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பெனி சாஃப்ட்வேர்களை எடுத்துக்கொண்டார். வெளுத்த நிற ஆண்கள் விஷயத்தில் அவை செய்த தவறு அதிகபட்சம் 0.8 சதவிகிதம். கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 சதவிகிதம் வரை! போட்டோவில் பின்னாடி நிற்கும் பொண்ணு கேட்க வேண்டிய கதை இல்லையா இது?

'அப்போ நாங்கெல்லாம் வரக்கூடாதா?' - பசங்க கேட்கறது காதுல விழுது. தாராளமா வாங்க பாஸ்! வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சப்னா செரியான் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், கம்ப்யூட்டர் சீனியராக அறிமுகமானவர் ஆணா பெண்ணா என்பது வித்தியாசம் செய்யலை. சினிமாவில் வர்ற மாதிரி கம்ப்யூட்டரே கதின்னு கிடக்கிற டைப்பாக அவர் இருந்தபோதுதான், 'இது நமக்கு சரிப்படாது' என்கிற எண்ணம் பெண்களுக்கு வந்தது. அதனால, ஹேக்கர் கெட்டப் போட்டு சீன் காட்டாதீங்க. நீங்க கோலி சோடா குடிப்பீங்க, அரியர் எழுதியிருக்கீங்க, கோடிங்கும் பண்ணுவீங்கன்னு தெரிஞ்சா போதும்.

கோடிங்கே தெரியாதவங்களுக்கும் வழி இருக்கு. 'டெக்னோவேஷன்' என்கிற சர்வதேசப் போட்டியில் 8 முதல் 18 வயதுப் பெண்கள் டீமாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்னைக்கு ஆப் செய்கிறார்கள். மென்ட்டராக இருக்க கோடிங் தெரிஞ்சிருக்கணும்னு கட்டாயம் இல்லை. உள்ளூர் அரசுப் பள்ளி என்றால், முதலில் தலைமையாசிரியரிடம் அனுமதி. இன்டர்நெட் படுத்தினால் கவலை வேண்டாம், ஸ்க்ராட்ச் ஆஃப்லைனிலும் ஓடும். பிள்ளைகளின் போட்டோவை உங்க ஸ்டேட்டஸில் போடாதீங்க. வீட்டுப்பாடம் தரும்போது, நிறைய வீட்டில் போன் அண்ணன் கையில்தான் இருக்கும்னு ஞாபகம் வெச்சுக்கங்க.

மகளிர் தினத்தன்று ஒரு நாள் போய் கேக் வெட்டிட்டு வர்றதைவிட, எட்டு சனிக்கிழமை போறது உத்தமம். நடுவுல செமஸ்டர் வந்தா, சொல்லாம கொள்ளாம நின்னுடாதீங்க. அக்கா ஏன் வரலைங்கிறதுக்கும் அந்தப் பொண்ணு தன்கிட்டதான் காரணம் தேடுவா. மறுபடி எந்தச் சனிக்கிழமை வருவீங்கன்னு, கிளம்பறதுக்கு முன்னாடி போர்டுல தேதி எழுதிட்டு வாங்க.