தேய்க்காமல் போடும் ப்ளீச்சிங் பவுடர் வீண்

குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்று சொல்பவர்களிடம் தொட்டியைக் கழுவினீர்களா என்று கேட்டால், “போன மாசம்தானே ப்ளீச்சிங் பவுடர் போட்டோம்” என்பார்கள். தேய்த்தீர்களா என்றால் பேச்சு நின்றுவிடும். சுவரில் வழுவழுப்பு அப்படியே இருக்கிறது. அதன்மேல் பவுடரைத் தூவிவிட்டு மூடியைப் போட்டுவிடுகிறார்கள். தனி வீட்டிலும் இதுதான், நூறு குடும்பம் இருக்கும் அடுக்ககத்திலும் இதுதான்.

அந்த வழுவழுப்பைப் பாசி என்று நினைத்து அசட்டையாக இருக்கிறோம். வெளிச்சம் படாத சம்ப்பில் பாசி வளராது. அது பாக்டீரியா கட்டிய படலம். தண்ணீரில் மிதந்து வரும் பாக்டீரியா சுவரிலோ குழாயிலோ ஒட்டிக்கொண்ட சில மணி நேரத்தில், தன்னைச் சுற்றிப் பாலிசாக்கரைடு என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைச் சுரக்கத் தொடங்கும். சுவரொட்டி ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசையின் பிடிப்பும் அதே இனப் பொருளால் வருவதுதான். இந்தப் பசையோடு புரதமும் டி.என்.ஏ.வும் சேர்ந்து இறுகும். ஆஸ்பத்திரித் தொற்றுகளில் அடிக்கடி பெயர் அடிபடும் சூடோமோனாஸ் ஏருஜினோசா ஒன்றே மூன்று வகைப் பாலிசாக்கரைடுகளை உண்டாக்க வல்லது.

நாம் போடும் குளோரின் முதலில் இந்தப் பசையோடு வினைபுரிந்தே செலவாகிவிடுகிறது. அடியில் இருக்கும் கிருமிக்கு அது போய்ச் சேர்வதில்லை. பிறகு படலம் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து சமையலறைக் குழாயில் இறங்குகிறது. ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள வேண்டாம். அதன் கார்பன் வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால், உள்ளே இருக்கும் சிறு தொட்டியிலும் இதே படலம் படியும்.

செய்ய வேண்டியது இது. தண்ணீரை முழுவதும் வெளியேற்றுங்கள். சுவர், மூலை, மூடியின் அடிப்பக்கம், வெளியேறும் குழாயின் வாய் எல்லாவற்றையும் நைலான் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, அந்த அழுக்குத் தண்ணீரையும் இறைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் ப்ளீச்சிங் பவுடர். தொட்டி கொள்ளும் ஆயிரம் லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை எடுத்து, வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும், தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, நிரம்பத் தண்ணீர் விடுங்கள். ஆர்.ஓ. இணைப்பை அடைத்துவிட்டு, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். குழாய்க்குள்ளும் படலம் உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 24 மணி நேரம் கழித்து அத்தனையையும் வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. திறந்து வைத்து மாதக்கணக்கான பவுடரில் வீரியம் இருக்காது, புதிதாக வாங்குங்கள்.

கறை போக ஆசிட் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சம்ப்பில் அது ஆளைக் கொல்லும். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விடாமல் யாரையும் சம்ப்பில் இறக்காதீர்கள். மேலே ஓர் ஆள் நிற்காமல் இறக்கவே இறக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தும் நாற்றம் தொடர்ந்தால் கோளாறு குடிநீர் வாரியத்தின் அல்லது ஊராட்சியின் குழாயில் இருக்கலாம். “உங்க தொட்டியைப் பாருங்க” என்று அதிகாரி உங்களைத் திருப்பி அனுப்புவார். அதற்கு இடம் கொடுக்காமல் இரண்டு மாதிரி எடுங்கள்: தெருக்குழாய் உங்கள் சம்ப்பில் விழும் இடத்தில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு வேண்டிய தூய்மையாக்கிய பாட்டிலை அங்கேயே முன்கூட்டிக் கேட்டு வாங்குங்கள். குளிர்பான பாட்டிலில் கொண்டுபோனால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். ஐ.எஸ். 10500 தரப்படி 100 மில்லி நீரில் ஈ.கோலை தென்படவே கூடாது; எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். படலம் எப்போதும் ஒரே அளவில் பிய்வதில்லை. ஒருமுறை நல்ல முடிவு வந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

தெருக்குழாயில் எடுத்த மாதிரியே கெட்டிருந்தால் அறிக்கை நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள். கிராமம் என்றால் ஊராட்சிச் செயலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், நகரம் என்றால் ஆணையரிடமும் கொடுக்க வேண்டும். சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்வழிப் புகாருக்குச் சாட்சி கிடையாது. ஒப்புகைச் சீட்டு இல்லாமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் இருக்கிறது.

அங்கும் தட்டிக்கழித்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1) பிரிவின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். ஊரின் மேல்நிலைத் தொட்டி கடைசியாகத் தேய்த்துக் கழுவப்பட்ட தேதிகள், வாங்கிய ப்ளீச்சிங் பவுடரின் அளவு, அன்றாடம் குளோரோஸ்கோப்பில் பார்த்துப் பதிவேட்டில் எழுதிய எஞ்சிய குளோரின் அளவு, இந்த மூன்றின் நகலையும் கேளுங்கள். தேதி தொட்டியில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறதே என்று சொன்னால் ஏற்காதீர்கள். பதிவேட்டின் நகல்தான் வேண்டும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்; தொட்டியில் ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள்.