உஷார்! பிள்ளையின் டி.சி.யை வாங்குவதற்கு முன்...

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வரும்படி அறவே நின்றுபோன இந்த இரண்டு மாதத்துக்குள்தான் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டும் வருகிறது. வந்த கையோடு வீட்டுக்குப் போன் வரும். "அக்கா, தம்பி நல்ல மார்க்காமே! எங்க ஸ்கூல் போன வருஷமும் நூத்துக்கு நூறு ரிசல்ட். பிளஸ் ஒன்ல சீட்டு கொஞ்சம்தான் இருக்கு. அட்வான்ஸை மட்டும் இன்னிக்கே கட்டிடுங்க."

கட்டாதீர்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கட்டுவதற்கும் டி.சி. வாங்குவதற்கும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள், கருவாட்டுக் கொட்டகையில் வேலை பார்க்கும் அம்மாக்கள், வாப்பா வளைகுடாவில் இருக்க உம்மா தனியாக முடிவெடுக்க வேண்டிய கீழக்கரை வீடுகள், முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து மிளகாய் விவசாயிகள் எல்லோருக்கும்தான் சொல்கிறேன். தனியார் பள்ளியில் பணம் கட்டுவது உங்களுக்குத் தெரிந்த செலவு. தெரியாமல் கையைவிட்டுப் போவது வேறொன்று இருக்கிறது.

2020-ல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நீட் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதற்கு முந்தைய ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2021-ல் இதே ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. இதில் இடம் பெறுபவர்களின் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கரையில் வளர்ந்த பிள்ளை மீன்வளப் படிப்பில் சேர இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

நிபந்தனை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, பிளஸ் ஒன்னுக்கு மட்டும் என்று நகை அடகு வைத்துத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், அந்த ஐந்து வருஷத்துக்கும் மதிப்பில்லை. திரும்ப அரசுப் பள்ளிக்கே வந்தாலும் விட்ட உரிமை திரும்பாது. போனில் பேசிய ஆள் இதைச் சொல்லியிருப்பாரா?

இன்னொன்றும் கேளுங்கள். இந்தக் கரையில் திருச்சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் பல உண்டு. அப்துல் கலாம் படித்த ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியும் அந்த வகைதான். நல்ல பள்ளிகள் பல இருக்கின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு உதவிபெறும் பள்ளிகளுக்குக் கிடையாது. "அரசு சம்பளம் தரும் பள்ளிதானே" என்று நம்பிச் சேர்த்துவிட்டு, கலந்தாய்வு நாளில் சான்றிதழ் கேட்கும்போது திகைத்து நிற்க வேண்டாம். கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கில் வந்தவைதான். அவற்றை உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் விரித்திருக்கிறார்கள். முழுக்கத் தனியார் பள்ளிக்குப் போனால் அதுவும் இல்லை. மூன்று வருஷ டிகிரிக்கு மாதம் ஆயிரம் என்றால் என்ன தொகை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, இத்தனையையும் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அந்த "நூற்றுக்கு நூறு" பெரியதா?

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் என்பதல்ல. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுக்க ஏறத்தாழ 50,000 பேர் வரவே இல்லை. அந்த வருஷ மாநிலத் தேர்ச்சி 94.03 சதவீதம் என்று அறிவித்தார்கள். வராத பிள்ளைகள் அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை.

மாநிலமே இப்படியென்றால், ஒரு பள்ளி தன் எண்ணைச் செதுக்குவது எவ்வளவு சுலபம்! பிளஸ் ஒன் சேர்க்கையிலேயே 450-க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் எடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, "இவனுக்கு இங்கே ஒத்துவராது, டி.சி. வாங்கிக்கங்க, நாங்களே நல்லபடியா எழுதித் தர்றோம்" என்பார்கள். பிளஸ் டூவில் அரையாண்டுத் தேர்வு முடிந்தபிறகு, தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. பேனரில் சிரிக்கும் முகங்களை எண்ணுகிறோமே, அங்கிருந்து அனுப்பப்பட்ட முகங்களை யார் எண்ணுவது? உங்கள் பிள்ளை நடுத்தர மார்க் எடுப்பவன் என்றால், அந்த இரண்டாவது கூட்டத்தில் சேர்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டப் போகிறீர்கள்.

இந்த மார்க் வெறியைக் கண்டுதான் 2017-ல் பள்ளிக் கல்வித் துறை மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பெயரும் படமும் வெளியிடும் வழக்கத்தையே நிறுத்தியது. அரசு நிறுத்தியதை ஃபிளெக்ஸ் போர்டுகள் எடுத்துக்கொண்டன. கலாம் படம் போடாத சேர்க்கை நோட்டீஸ் இந்தக் கரையில் அபூர்வம். அவர் தீவில் ஒரு சாதாரணத் தொடக்கப் பள்ளியில் படித்துவிட்டு ஸ்வார்ட்ஸுக்குப் போனவர். தன்னை வளர்த்ததாக அவர் எழுதியது சிவசுப்பிரமணிய ஐயர், ஐயாதுரை சாலமன் என்ற ஆசிரியர்களின் பெயர்களைத்தான்.

மாவட்டப் பட்டியலுக்கும் மயங்க வேண்டாம். "தண்ணியில்லாக் காடு" என்று சொல்லி அதிகாரிகளை மாற்றி அனுப்பிய ராமநாதபுரம், 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் 96.36 சதவீதத்துடன் மாநிலத்தில் மூன்றாம் இடம் பிடித்தது. நம் ஆசிரியர்களின் உழைப்பு அது, பெருமைப்படுகிறேன். ஆனால் 2018-ல் நிதி ஆயோக் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில், தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டு மாவட்டங்களில் ஒன்றும் இதே ராமநாதபுரம்தான். இரண்டு பட்டியலும் உண்மை. உங்கள் பிள்ளைக்கு இயற்பியல் எடுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை.

இப்போது எனக்கு உள்ளபடியே பயம் தருவது பதினோராம் வகுப்பு. பிளஸ் ஒன் பாடத்தையே தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள் என்பதால்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். பிராய்லர் பள்ளி என்று ஊரே பெயர் வைத்த காலம் அது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத் தேர்வை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லது. ஆனால் பழைய குறுக்குவழியும் மறுபடி திறந்துவிட்டது. நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் ஏறத்தாழ பாதிக் கேள்விகள் பதினோராம் வகுப்பிலிருந்து வருகின்றன. பிளஸ் டூவில் 600-க்கு 570 எடுத்த பிள்ளை, அடிப்படை தெரியாமல் நுழைவுத் தேர்வில் விழித்து நிற்பது இப்படித்தான். சேர்க்கைக்குப் போகும் பள்ளியில் இப்போது பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை வாசலில் நிறுத்திக் கேளுங்கள்: "போன வருஷம் பிளஸ் ஒன் புத்தகத்தை முழுசா நடத்துனாங்களா?" பிள்ளைகள் பொய் சொல்வதில்லை.

அலுவலகத்தில் கேட்க வேண்டியதும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் பிளஸ் டூ எழுதியவர்கள் எத்தனை பேர்? கணிதத்துக்கும் வேதியியலுக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டா, பாதி வருஷத்தில் மாறுகிறார்களா? கட்டண நிர்ணயக் குழு இந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை என்ன, நீங்கள் கேட்கும் தொகை என்ன? ரசீது தருவீர்களா? 2009-ல் வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி நீங்கள் இதைக் கேட்கலாம், கூசவே வேண்டாம். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டு, கட்ட முடியாமல் வெளியே வரத் துடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கி இருக்கிறது என்று டி.சி.யைப் பிடித்து வைப்பதும், டி.சி.யில் கட்டண பாக்கி என்று எழுதுவதும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. வட்டிக்கு வாங்கி அந்தப் பாக்கியைக் கட்ட ஓடாதீர்கள். முதலில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள்.

பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் நீங்கள் விரும்பும் குரூப் இல்லையென்றாலும் உடனே தனியார் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. அடுத்த ஊர் அரசுப் பள்ளியில் இருக்கலாம், விடுதியும் கிடைக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தங்கிப் படிக்கும் அரசு மாதிரிப் பள்ளி இயங்குகிறது. அங்கே போனாலும் 7.5 சதவீதம் பத்திரமாக இருக்கும். பிள்ளை இப்போது படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் முதலில் போய்ப் பேசுங்கள். அங்கே சரியான பதில் வராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐ அழையுங்கள். பதில் கிடைக்கும்வரை அட்வான்ஸ் வேண்டாம், டி.சி. வேண்டாம்.