பிடித்த மீனை விடுவதா, குழம்பு வைப்பதா?

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் முல்லைப் பெரியாற்றங்கரையில் தூண்டிலும் மண்புழு டப்பாவுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். தக்கை முங்கினால் ஒரே கூச்சல். மீன் கரையேறியதும் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரியும். “பாவம்டா, தண்ணியில விட்டுரு” என்பது ஒரு கட்சி. “வீட்டுக்குக் கொண்டு போனா அம்மா குழம்பு வைக்கும்” என்பது இன்னொரு கட்சி.

எந்தக் கட்சி சொல்வது சரி? தீர்ப்புச் சொல்லும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். துள்ளிக்கொண்டிருக்கிறதே, அது என்ன மீன்?

ஜிலேபியா? சட்டிக்குப் போகட்டும்

தேனி மாவட்டத்தில் தூண்டில் போட்டால் பெரும்பாலும் மாட்டுவது ஜிலேபிக் கெண்டைதான். இது நம் ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வளர்ப்புக்காக 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது குளம், கண்மாய், அணை என்று எங்கும் பரவிவிட்டது.

எப்படி இவ்வளவு வேகமாகப் பெருகியது? ஜிலேபியின் தாய் முட்டைகளை வாய்க்குள் அள்ளி வைத்துக் காப்பாற்றும். பொரித்த குஞ்சுகளும் ஆபத்து என்றால் அம்மாவின் வாய்க்குள் ஓடி ஒளியும். அதனால் நிறையக் குஞ்சுகள் பிழைத்துக்கொள்கின்றன. பிறந்த சில மாதங்களிலேயே அவையும் முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு வருஷத்தில் பல முறை முட்டையிடும். நாட்டு மீன்களுக்குக் கிடைக்க வேண்டிய இரையையும் இடத்தையும் இவை பிடித்துக்கொள்ளும்.

ஆகவே ஜிலேபியைத் திரும்ப ஆற்றில் விடுவது, பார்க்க இரக்கம்போல் இருந்தாலும், மற்ற மீன்களுக்குச் செய்யும் கெடுதல். தாராளமாகக் குழம்பு வையுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினாலும் திரும்ப விடக்கூடாது. அது கிடைத்ததையெல்லாம் விழுங்கும் மீன். அதை வளர்க்க இந்தியாவில் தடையே இருக்கிறது.

இதில் நமக்குக் கூடுதல் அக்கறை வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் நீர் மலைக்கு அந்தப் பக்கம், தேக்கடியில் பெரியாறு அணையின் ஏரியிலிருந்து சுரங்கம் வழியாக வருகிறது. அந்த ஏரியிலும் அதில் வந்து சேரும் ஓடைகளிலும் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் சில இருக்கின்றன. லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் அவற்றில் ஒன்று. அதற்கு அந்தப் பெயரை வைத்து 1941-இல் உலகுக்கு அறிவித்தவர் பி. சுந்தரராஜ் என்ற மீனியலாளர். அந்த அபூர்வ மீன்களுக்கு இன்று பெரிய தொல்லையாக இருப்பவற்றில் வெளியூர் மீன்களும் சேர்த்தி.

விராலா? மழைக்காலத்தில் கை வைக்காதீர்கள்

மழை பெய்து கண்மாய் நிறைந்திருக்கும்போது கரையோரத்தில், புல்லும் கொடியும் மண்டிய இடமாகப் பாருங்கள். நீர்மட்டத்தில் செக்கச்செவேலென்று பொடிப்பொடியாக ஒரு கூட்டம் மொத்தமாக நகரும். அடிக்கடி மேலே வந்து குமிழி விடும். அவை விரால் குஞ்சுகள். அவற்றுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், அப்பாவோ அம்மாவோ காவல் நிற்கும். தவளையோ வேறு மீனோ கிட்டே வந்தால் பாய்ந்து கடித்துத் துரத்தும்.

இந்தக் குணம் தெரிந்தவர்கள் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவிலேயே தூண்டிலைப் போடுவார்கள். காவல் மீன் பசியில் கடிப்பதில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் கடிக்கிறது, மாட்டிக்கொள்கிறது. அதைப் பிடித்துப் போய்விட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. ஒரு விராலைச் சாப்பிட ஒரு குடும்பத்தையே அழித்த கணக்குத்தான். குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்ப்பதே நல்லது.

கட்லா, ரோகுவா? அவை விளைச்சல்

பெரிய தலையுள்ள கட்லாவும் சிவந்த துடுப்புள்ள ரோகுவும் வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள். மழை வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். நம் கண்மாயில் நிற்கும் தண்ணீரில் வளரும், கொழுக்கும், ஆனால் முட்டையிடாது. 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அவரோடு இருந்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, அதை ஊசிமூலம் இன்னொரு மீனுக்குச் செலுத்தி முட்டையிட வைத்தார்கள். அந்த வெற்றியின் நினைவாகத்தான் ஜூலை 10-ஆம் தேதியை தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அப்படிப் பண்ணையில் பொரித்த குஞ்சுகளைத்தான் அணையிலும் கண்மாயிலும் விடுகிறார்கள். வயலில் நட்ட நாற்றுப்போல, இது அறுவடைக்கென்றே விட்ட மீன். வளர்ந்ததைப் பிடித்துச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் விதைத்தவருக்குத்தானே அறுவடை? வைகை அணையானாலும் குத்தகைக் கண்மாயானாலும் அனுமதி கேட்காமல் தூண்டில் போடக்கூடாது.

சின்ன மீனெல்லாம் குஞ்சு மீனா?

“சின்னது, பாவம், விட்டுரு” என்பதும் எப்போதும் பொருந்தாது. அயிரை மீனைப் பாருங்கள். விரல் நீளம்தான் இருக்கும். அதுவே அதன் முழு வளர்ச்சி. ஆற்று மணலில் புதைந்து வாழும் அந்த மீனின் குழம்பு மதுரை, தேனிப் பக்கம் எவ்வளவு பெயர் பெற்றது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அயிரைக்கு ஆபத்து சட்டியை விட மணல் அள்ளுவதால்தான் அதிகம்.

நாட்டுக் கெண்டை கதை வேறு. ஜூனில் முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து புதுவெள்ளம் வந்ததும் அவை எதிர்நீச்சல் போட்டு ஏறும். முட்டையிடப் போகும் பயணம் அது. அப்போது வயிறு புடைத்த சினை மீன் மாட்டினால் விட்டுவிடுங்கள். அதன் வயிற்றில் இருப்பது அடுத்த வருஷத்து மீன்.

விடுவதென்றால் எப்படி விடுவது?

விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1992-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ட்ரௌட் மீன்களைத் தூண்டிலில் மாட்டியதுபோல் களைக்கும்வரை துரத்தினார்கள். களைத்த மீனை அப்படியே தண்ணீரில் விட்டபோது 100-க்கு 88 பிழைத்தன. 30 விநாடி வெளியே வைத்திருந்து விட்டபோது 62 பிழைத்தன. ஒரு நிமிஷம் வைத்திருந்தபோது பிழைத்தவை 28 மட்டுமே. ஒரு போட்டோ எடுக்கும் நேரம்தான் அது!

காரணம் செவுள். தண்ணீருக்குள் விசிறிபோல விரிந்திருக்கும் அதன் மெல்லிய இழைகள் வெளியே வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓடிக் களைத்த மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரத்தில் மூச்சு நின்றுபோகிறது.

எல்லா மீனும் ட்ரௌட் இல்லை. விரால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும், வெளியே நெடுநேரம் தாங்கும். கெண்டை தாங்காது. உச்சிவெயில் நேரத்தில் இன்னும் மோசம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும்.

ஆகவே விடுவதென்று முடிவு செய்தால் இப்படிச் செய்யுங்கள்:

கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். அதன் உடம்பில் உள்ள வழவழப்பு, நோய்க்கிருமி அண்டாமல் காக்கும் கவசம். காய்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும்.

முடிந்தவரை தண்ணீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காதீர்கள். தூண்டில் நரம்பை மட்டும் அறுத்துவிடுங்கள்.

தூக்கி எறியாதீர்கள். நீரோட்டத்துக்கு எதிராக முகம் இருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள். தெம்பு வந்ததும் தானே நீந்திப் போகும்.

சாப்பிடுவதென்று முடிவு செய்தால், பையில் போட்டுத் துடிக்க விடாதீர்கள். பெரியவர்களிடம் கொடுத்து உடனே உயிரை முடித்துவிடச் சொல்லுங்கள். மீனுக்கு வலிக்காது என்று சிலர் சொல்வதுண்டு. 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் குழுவினர் ட்ரௌட் மீனின் வாயைச் சுற்றி வலியை உணரும் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டினார்கள். சுவிட்சர்லாந்தில், விட்டுவிடும் எண்ணத்தோடு விளையாட்டுக்குத் தூண்டில் போடுவதையே சட்டம் தடுக்கிறது. சாப்பிடப் பிடி, இல்லையென்றால் பிடிக்காதே என்பது அவர்கள் கட்சி.

பிடித்து விடுபவர்கள் கண்டுபிடித்த உண்மை

விடுகிற கட்சிக்கும் ஒரு பெருமை உண்டு. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் காலிபோர் என்ற தூண்டில் முகாம் இருந்தது. மகசீர் என்ற பெரிய மீனைப் பிடித்து, எடை பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுவார்கள். 1998 முதல் 2012 வரை எழுதிய அந்தக் குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர் குழுவினர் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். மாட்டிய மீன்களின் எண்ணிக்கை கூடித்தான் இருந்தது. ஆனால் கூடியது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர். காவிரிக்கே சொந்தமான திமில் மகசீர் குறைந்துகொண்டே போயிருந்தது. 2018-இல் அது அழிவின் விளிம்பில் உள்ள மீன்கள் பட்டியலில் சேர்ந்தது. நோட்டு இல்லையென்றால் ஆற்றில் மீனுக்குக் குறைவில்லை என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, இடம், மீனின் பெயர், மூக்கு முதல் வால் வரை நீளம், விட்டதா சாப்பிட்டதா என்று ஐந்து கட்டம் போதும். பெயர் தெரியாவிட்டால் படம் வரைந்துகொண்டு, கரையில் வலை வீசுகிற அண்ணன்களிடம் கேளுங்கள். ஆற்றில் இறங்காமல், கூடப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். உங்கள் பகுதியில் ஜிலேபி எத்தனை, நாட்டு மீன் எத்தனை என்ற கணக்கு ஒரு வருஷத்தில் உங்கள் கையில் இருக்கும். அதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.